ஒட்டாமல் விட்ட ஓரம்

ஏல நிறுவனத்தின் பொருள் பட்டியல்கள் வருஷத்துக்கு ஒருமுறை கட்டாகக் கட்டி எங்கள் நூலகத்துக்குப் பைண்டிங்குக்கு வரும். பளபளப்பான தாள். ஊசி இறங்காது, பசை பிடிக்காது. அதனால் பைண்டிங் அறையில் இருக்கும் மற்ற இருவரும் அவற்றை என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். பைண்டிங் செய்கிறவர்கள் பொதுவாகப் புத்தகத்தைப் படிப்பதில்லை, மிட்டாய் செய்கிறவர் மிட்டாய் தின்னாததுபோல. நான் படிப்பேன். பக்கங்களை வரிசைப்படுத்தும் சாக்கில் பாதி நூலகத்தைப் படித்திருக்கிறேன்.

அந்த வருஷம், அடுத்த மாதம் நடக்கவேண்டிய ஏலத்தின் பட்டியல் ஒன்றும் தவறிப்போய் அந்தக் கட்டோடு சேர்ந்து வந்திருந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் என் கை நின்றது.

திறந்த மஹோகனிப் பெட்டியின் படம். உள்ளே பச்சைக் கம்பளித் துணி விரித்த சின்னச் சின்ன அறைகள். பெரிய அறையில் ரிவால்வர் ஒருக்களித்துப் படுத்திருந்தது. சுற்றிலும் வெடிமருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, கேப்பு டப்பி, எண்ணெய்ப் புட்டி, சாவி. படத்துக்குக் கீழே இப்படி அச்சிட்டிருந்தார்கள்:

“சேகரிப்பாளர்களுக்கான மிக அரிய பொருள். ஐந்து குண்டு ரிவால்வர், அசல் பெட்டியுடன். துணி அசல். எல்லாப் பாகங்களிலும் ஒரே எண். சில ஆண்டுகளுக்கு முன் நேர்மையற்ற பணியாளர் ஒருவரால் திருடப்பட்ட அசல் சிலிண்டர், உரிமையாளரின் விடாமுயற்சியால் மீட்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்பட்டுள்ளது. இந்தச் சுவையான வரலாறு பொருளின் மதிப்பைக் கூட்டுகிறது.”

அந்த நேர்மையற்ற பணியாளர் என் தம்பி. அவன் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

நான் பட்டியலை மூடினேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி திறந்தேன். எட்டு வருஷமாக நான் காத்திருந்தது அந்தப் பெட்டி வெளியே வருவதற்குத்தான்.

*

நானும் தம்பியும் பழம்பொருள் கடை ஒன்றின் பின்கட்டு அறையில் வேலை செய்தோம். அவன் இரும்பு வேலை, நான் துணி வேலை. பழைய துப்பாக்கிகளைத் துருவெடுத்து, உடைந்த விசையைச் சரிசெய்து, எண்ணெய் போடுவது அவன் பாடு. பெட்டியின் உள்துணி கிளம்பியிருந்தால் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டுவது என் பாடு. பிறந்த வீட்டில் ஒரே பாயில் புரண்டவர்கள், பிழைப்பிலும் ஒரே மேசையின் இரண்டு பக்கம்.

கடை முதலாளியைப் பின்கட்டில் நாங்கள் ‘கையுறை’ என்போம். வெள்ளைப் பருத்திக் கையுறை இல்லாமல் அவரைப் பார்த்ததே கிடையாது. எங்கள் அறைக்குள் வந்தால் தூசி பட்டுவிடும் என்று வாசலோடு நின்றுகொள்வார். சொல்லவேண்டியதைச் சீட்டில் எழுதி அனுப்புவார். கடைப் பெயர் அச்சடித்த தாள், அழகான கையெழுத்து, கீழே தேதி, சுருக்கொப்பம்.

“இந்த மனுஷன் வாயத் தெறந்தா முத்து உதிர்ந்துடுமாக்கா? பத்தடி தூரத்துக்கு லெட்டர் போடுறாரு” என்பான் தம்பி.

“தபால் தலை ஒட்டாம அனுப்புறாரே, அதைச் சொல்லு.”

அந்த ரிவால்வர் வந்த நாள் நினைவிருக்கிறது. தோட்டா என்று தனியாக ஒன்று வருவதற்கு முந்தைய காலத்துப் பொருள் அது. சுழலும் சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாக வெடிமருந்தைக் கொட்டிக் குண்டை அழுத்த வேண்டும். பின்பக்கம் இருக்கும் முனையில் பித்தளைக் குல்லாய்போல ஒரு கேப்பைச் செருக வேண்டும். விசையை இழுத்ததும் குதிரை என்கிற சுத்தி விழுந்து கேப்பை அடித்தால் வெடிக்கும். உடல், குழல், சிலிண்டர் மூன்றிலும் செய்தவர்கள் ஒரே எண்ணை அடித்திருப்பார்கள். மூன்றும் ஒத்துப்போனால் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொண்டு வாங்குவார்கள். ஒன்று மாறினாலும் முகத்தைச் சுளிப்பார்கள்.

தம்பி உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தான். “உடம்பும் குழலும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க. சிலிண்டர் மூத்தாளோட பிள்ளைக்கா” என்றான். எண் வேறாக இருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

அவன் சொன்னதைக் கேட்டுக் கையுறை வாசலில் நின்றபடியே தலையசைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை சீட்டு வந்தது.

“பெட்டி ரிவால்வரின் சிலிண்டரில் உள்ள எண்ணை அரத்தால் எடுத்துவிட்டு, மற்றப் பாகங்களில் உள்ள எண்ணையே அடிக்கவும். பழையதாகத் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்.”

“செய்யப் போறியா?” என்று கேட்டேன்.

“கல்யாணப் பொண்ணுக்குப் பவுடர் போட்டு அனுப்பலாம்க்கா. ஆளையே மாத்தி அனுப்பச் சொன்னா எப்படி?”

சாயங்காலம் கையுறை வாசலுக்கு வந்தார். “சீட்டு எங்கேப்பா? திருப்பிக் குடு” என்றார்.

தம்பி பசை காய்ச்சும் அடுப்பைக் காட்டினான். “அதுல போட்டுட்டேன் சார். அந்த மாதிரி சீட்டு எனக்கெதுக்கு?”

“கெட்டிக்காரன்.”

“ஆனா வேலைய நான் செய்ய மாட்டேன் சார்.”

கையுறை கோபப்படவில்லை. இடதுகை விரல்களின் நுனியை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்துகொண்டார். “வேண்டாம்னா வேண்டாம். துணி வேலை மட்டும் முடிச்சுக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீட்டு அடுப்புக்குப் போகவில்லை. தம்பியின் சட்டைப்பையில் இருந்தது.

உள்துணி ஒட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பழைய துணியைக் கிளப்பி ஒட்டும்போது அதன் அடியில் ஒரு சீட்டு வைப்போம். தேதி, பெட்டி வந்த நிலை, நாங்கள் செய்தது, பெயர். அடுத்துப் பழுது பார்க்க வருகிறவர் ஐம்பது வருஷம் கழித்து வந்தாலும் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. முதலாளிகளுக்கு இது தெரியாது, சொல்வதும் இல்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய சீட்டுகளை நானே எடுத்திருக்கிறேன். ஒன்றில், “மழை. பசை காயவில்லை. முதலாளி கத்துகிறார். துணி நல்ல துணி” என்று இருந்தது. மேலே என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். துணிக்கடியில் மட்டும் யாரும் பொய் எழுதுவதில்லை.

அந்தச் சீட்டை எடுப்பதற்காகவே ஓர் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பசை தடவாமல் விடுவோம். அழுத்தி வைத்தால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. மெல்லிய தகட்டைச் செருகினால் கிழியாமல் கிளம்பும்.

அன்று தம்பி மெல்லிய தாளை சிலிண்டர்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தான். எண் அப்படியே தாளில் இறங்கியது. அதன்கீழ் ஏதோ எழுதத் தொடங்கினான். நான் பசைச் சட்டியோடு நின்றேன்.

“இவ்ளோ நேரமா என்னடா எழுதுற? உயிலா?”

“ஆமா. என் அரத்தையெல்லாம் உன் பேருக்கு எழுதிட்டிருக்கேன்.”

“துருப்பிடிச்சது எல்லாத்தையும் என் தலைல கட்டு.”

தன் தாளுக்குள் கையுறையின் சீட்டை வைத்து மடித்துக் கொடுத்தான். நான் பிரித்துப் படிக்கவில்லை. பசை ஆறிக்கொண்டிருந்தது. மருந்துக் குடுவை வைக்கும் அறையின் அடியில் செருகி, துணியை இழுத்து ஒட்டி, ஓரத்தை விட்டேன்.

*

கையுறை வெளியே வேறு யாரையோ வைத்து எண்ணை மாற்றி அடித்திருக்கிறார். பெட்டியை ஓய்வுபெற்ற அறுவை டாக்டர் ஒருவர் வாங்கினார். இரண்டே மாதத்தில் டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். எண்ணில் வரும் நாலின் வடிவம் உடம்பில் வேறு, சிலிண்டரில் வேறு என்று புகார் எழுதிக் கொடுத்துப் பெட்டியையும் திருப்பினார். கையுறை பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தார். ‘என் கடைல இப்படி ஒரு களவா’ என்று நாலு பேர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அசல் சிலிண்டரைத் தம்பி திருடி விற்றுவிட்டு, வேறொன்றில் எண் அடித்து வைத்துவிட்டான் என்று சொல்லிவிட்டார். தொட்டது அவன் கை மட்டும்தானே.

பதினோரு நாள் தம்பியைப் போலீஸில் வைத்து விசாரித்தார்கள். விசாரணை அதிகாரி கையுறையின் அறையில் உட்கார்ந்து டீ குடிப்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

பார்க்கப் போன அன்று தம்பி கேட்டான், “சீட்டப் பத்திச் சொல்லிடவாக்கா?”

“பெட்டி இப்ப அந்தாள் கைல இருக்கு. நீ வாயத் தெறந்த அடுத்த நிமிஷம் துணியக் கிழிச்சு எடுத்து எரிச்சிடுவாரு. அப்புறம் நம்மகிட்ட என்ன இருக்கு? பொறு. அசல் துணிதான் பெட்டிக்கே மதிப்பு, தானா அதுல கை வெக்க மாட்டாரு. என்னைக்காவது விக்கிறதுக்கு வெளிய எடுத்துத்தான் ஆகணும். அன்னைக்குப் பாத்துக்கலாம்.”

அவன் கொஞ்சநேரம் சுவரைப் பார்த்தான். “சரிக்கா” என்றான்.

பொறு என்று சொன்னவள் நான். இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஆதாரம் இல்லை என்று விட்டார்கள். ஆனால் அந்தத் தொழிலில் அவனுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. என்னையும் கடையிலிருந்து அனுப்பிவிட்டார்கள், நான் நூலகத்தில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். முடியளவு வேலை பார்த்த கையால் அவன் கிடங்கில் மூட்டை இறக்கினான். “உடம்பு இறுகுதுக்கா, பாரு” என்று புஜத்தைக் காட்டிச் சிரிப்பான். இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம், லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறான். தண்ணீர் வருவதற்குள் இதயம் நின்றுவிட்டது. முப்பத்தொன்பது வயது.

சாவுக்குக் கையுறை வந்தார். பூ வைத்தார். என்னிடம் வந்து, “நல்ல கைக்காரன். பாவம், புத்தி கெட்டுப்போச்சு” என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கையுறையைக் கழற்றவும் இல்லை. அதன் கட்டைவிரல் பக்கத்துத் தையலில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அந்த நூலைப் பார்த்தபடியே, இவரை விடுவதில்லை என்று நான் முடிவு செய்தேன்.

அதன்பிறகு ஆறு வருஷம் அந்த மனுஷரின் ஆரோக்கியத்துக்காக என்னைப்போல யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள். வேலைக்குப் போகும் வழியில் தினமும் அவர் கடையைத் தாண்டிப் போவேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் இருமினால், அடுத்த இருமல் வருகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நடப்பேன். ஒரு குளிர்காலத்தில் இரண்டு வாரம் கடைக்கு வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. படுக்கையில், மரியாதையோடு, சொந்தக்காரர்கள் அழ, அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? மூன்றாம் வாரம் கழுத்தில் மஃப்ளரோடு வந்து உட்கார்ந்தார். அன்று பைண்டிங் அறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் பிழைத்து எழுந்துவிட்டார் என்றேன்.

*

பட்டியலை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன். ஏலத்துக்கு முன்னால் பொருள்களைத் தொட்டுப் பார்க்கும் நாள் ஒன்று உண்டு. அட்டை உள்ள சேகரிப்பாளர்களை மட்டும்தான் மேசைக்கு விடுவார்கள். என்னிடம் நூலக அட்டைதான் இருந்தது.

டாக்டர் சக்கர நாற்காலியில் இருந்தார். கால் போய்விட்டதே தவிர நாக்கு இருந்தது. பட்டியலைப் படித்துவிட்டு, “நான் செத்துட்டேன்னு யாரோ அவனுக்கு நல்ல சேதி சொல்லியிருக்காங்க போல. இல்லன்னா இந்தத் தைரியம் வராது” என்றார். பிறகு, “நீங்க யாரும்மா?” என்றார்.

சொன்னேன். துணிக்கடியில் இருப்பதையும் சொன்னேன்.

அவர் பட்டியலை மடியில் கவிழ்த்து வைத்தார். “அந்தப் புகார்ல கையெழுத்துப் போட்டது நான்” என்றார்.

“தெரியும் டாக்டர். உங்க மேலயும் கோபம் இருக்கு. அதுக்கு அப்புறமா நேரம் ஒதுக்குறேன். இப்ப எனக்கு உங்க அட்டை வேணும்.”

“அட்டை மட்டும் போதுமா, ஆளும் வேணுமா?”

“ஆளும்.”

“அப்ப நாற்காலியத் தள்ளத் தெரியுமா?”

“கத்துக்கிறேன்.”

பார்வை நாள் காலையில் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். பைக்குள் தாள் மடிக்கும் எலும்புத் தகடு இருந்தது. பழைய தகடு தேய்ந்தபோது மாட்டெலும்பில் தம்பி செதுக்கிக் கொடுத்தது.

பெரிய கூடம். நீள மேசைகளில் கறுப்புத் துணி. ஏலம் நடத்தும் அம்மாள் கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். குறுக்கே யார் பேசினாலும் அடக்கிவிடும் குரல். நடுமேசையில் பெட்டி திறந்திருந்தது. சுற்றி ஏழெட்டுச் சேகரிப்பாளர்கள். பக்கத்தில் வெள்ளைக் கையுறையோடு அவர், தன் விடாமுயற்சியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரைக் கண்டதும் கதை ஒரு நொடி நின்றது. அவ்வளவுதான். உடனே இரண்டு கையையும் விரித்தார்.

“டாக்டர்! பாத்து எவ்ளோ நாளாச்சு! உடம்பு எப்படி?”

“உயிரோட இருக்கேன். மன்னிச்சுக்குங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நாற்காலியைப் பிடித்து நின்ற என்னை அவர் பார்க்கவில்லை. நாற்காலி தள்ளுகிறவளை யார் பார்ப்பார்கள்?

டாக்டர் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார். சிலிண்டரை ஒவ்வோர் அறையாகத் திருப்பினார். கூடத்தில் அந்தக் ‘கிளிக்’ சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது அறையில் நிறுத்தினார்.

“இந்த முனைக்குக் கீழ புழு அரிச்ச மாதிரி மூணு துருப்புள்ளி. எட்டு வருஷத்துக்கு முன்னால நான் திருப்பிக் குடுத்ததுலயும் இதே எடத்துல இதே மூணு இருந்துச்சு. ஒரு தடவ பாத்த காயத்த நான் மறக்கிறதில்ல. இது மீட்ட சிலிண்டர் இல்லையே சார். அதே பழசு. எண்ணுல வர்ற நாலு மட்டும் இப்ப அழகாயிருக்கு.”

“டாக்டருக்கு வயசாச்சு” என்றார் கையுறை, மற்றவர்களைப் பார்த்து, மிருதுவாக.

“ஆச்சுதான். அது கெடக்கட்டும். துணி அசல்தானா? அதையாவது பாக்கலாமா?”

இதில் கையுறைக்குப் பயம் இல்லை. துணி அசல் என்பது உண்மை. அவரைப் பொறுத்தவரை சீட்டு அடுப்பில் போய் எட்டு வருஷம். சந்தேகத்தோடு சுற்றி நிற்கும் முகங்களுக்கு ஏதாவது ஓர் உண்மையைக் காட்டியாக வேண்டியிருந்தது. “தாராளமா! அடிப்பக்கம் நெசவப் பாத்தாலே தெரியும். தூக்கிப் பாருங்க” என்றார். சொன்னது அவர் வாய்தான்.

நான் நாற்காலிக்குப் பின்னாலிருந்து முன்னே வந்து, மருந்துக் குடுவையை எடுத்து வெளியே வைத்தேன்.

“கையுறை போட்டுக்குங்க” என்று ஏல அம்மாள் ஒரு ஜோடியை நீட்டினார்.

“வேண்டாம்மா. இத ஒட்டுனப்பவும் வெறும் கைதான்.”

அப்போதுதான் கையுறை திரும்பினார். என் முகத்தை முதல்முறையாகப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் பெட்டி.

“நீ... பின்கட்டுல இருந்த பொண்ணு.”

“ஆமா சார். புத்தி கெட்டவனோட அக்கா.”

“இவங்களத் தொட விடாதீங்க! துணி கிழிஞ்சா யார் பொறுப்பு?”

“தூக்கிப் பாருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றார் ஏல அம்மாள். கண்ணாடியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். “சொன்னது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. தூக்குங்கம்மா.”

எலும்புத் தகட்டைச் செருகினேன். விட்ட ஓரம் விட்ட இடத்திலேயே இருந்தது. துணி மூச்சுவிடுவதுபோலக் கிளம்பியது. மடித்த தாள் பசை பட்டுக் கொஞ்சம் பழுத்திருந்தது. எடுத்து ஏல அம்மாளிடம் கொடுத்தேன். நான் படித்தால் குரல் உடையும். அந்தச் சுகத்தைக் கையுறைக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அந்த அம்மாள் முதலில் கையுறையின் சீட்டைப் படித்தார். கடைப் பெயர், தேதி, அரத்தால் எடுத்துவிட்டு, பழையதாகத் தெரிய வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள், சுருக்கொப்பம். சேகரிப்பாளர் ஒருவர் கையுறைக்குப் பக்கத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றார். பிறகு இன்னொருவர். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஏழு பேரும் தள்ளினார்கள்.

பிறகு தம்பியின் தாளைப் பிரித்தார். பென்சிலால் தேய்த்த வேறு எண், அதன்கீழ் அவன் எழுத்து. அந்த அம்மாள் ஏலம் விடும் அதே உரத்த குரலில் படித்தார்:

“இந்தச் சிலிண்டர் வேறு பிள்ளை. வந்தபோதே அப்படித்தான். எண்ணை மாற்றச் சொன்னார்கள், நான் மாற்றவில்லை. சொன்ன சீட்டு கூடவே இருக்கிறது. துணி ஒட்டியது என் அக்கா. இதைத் தூக்குகிறவருக்குப் பசையில் குறை தெரிந்தால் அவள் காதில் விழாமல் சொல்லவும். சண்டைக்கு வருவாள்.”

டாக்டர் சிரித்துவிட்டார். வேறு யாரோவும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. எட்டு வருஷமாகப் பிடித்திருந்த கோபம் அந்த ஒரு நொடி கையைவிட்டு நழுவியது. அவன் பழையபடி மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தான். பசை வாடை வந்தது.

நழுவிய கோபத்தை உடனே எட்டிப் பிடித்துக்கொண்டேன். கையுறையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் வலதுகை விரல் நுனிகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார். சரிசெய்கிறாரா கழற்றுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

*

வழக்கு நடந்தது. பழைய விற்பனைகளையெல்லாம் தோண்டினார்கள். எங்கள் பெட்டி மட்டும் இல்லை என்று தெரிந்தது. கடைக் கண்ணாடிக்குக் காகிதம் ஒட்டிவிட்டார்கள். எண்ணை மாற்றி அடித்த ஆளும் பிடிபட்டு, சொல்லவேண்டியதைச் சொன்னான்.

தீர்ப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கையுறை நூலகத்துக்கு வந்தார். இந்தமுறை வாசலில் நிற்கவில்லை. பசையும் தூசியுமாக இருந்த அறைக்குள்ளேயே வந்தார். கையில் உறை இல்லை. வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்த, சுருங்கிய, சின்னக் கைகள்.

“உன் தரப்புல கடுமையா எதுவும் வேண்டாம்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா, வயசப் பாத்துக் கொறைப்பாங்கன்னு வக்கீல் சொல்றாரு. எனக்கு எழுபத்திரண்டு ஆச்சும்மா.”

“தெரியும் சார். நீங்க நல்லா இருக்கணும், ஒரு நோய்நொடி வரக்கூடாதுன்னு ஆறு வருஷமா தெனமும் வேண்டிக்கிட்டவ நான்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “உன் மனசு யாருக்கும்மா வரும்” என்றார். கொஞ்சநேரம் அவரை அப்படியே விட்டுவைத்தேன். பிறகு சொன்னேன்.

“இன்னைக்கு நீங்க இப்படி வந்து நிக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். அதுக்கு முந்தி செத்துட்டீங்கன்னா நான் என்ன பண்றது?”

அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். மற்ற இருவரும் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் போகும்போது கதவைச் சாத்தவில்லை. நான் எழுந்து போய்ச் சாத்தினேன்.

நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

*

பெட்டியை ஏல நிறுவனம் மறுவருஷம், ‘சிலிண்டர் வேறு, எண் போலி’ என்று வெளிப்படையாக அச்சிட்டு விற்றது. டாக்டர் வாங்கினார். போட்டிக்கு ஆள் இல்லை. துணியைப் பழையபடி ஒட்டித் தரவேண்டும் என்று தன் வீட்டு மேசையில் பெட்டியை வைத்துவிட்டு என்னை அழைத்தார். கையுறையின் சீட்டு நீதிமன்றக் கோப்பில் இருந்தது. தம்பியின் தாள் மட்டும் திரும்பி வந்திருந்தது.

அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். பசையைக் காய்ச்சி முடிக்கும்வரை நினைத்தேன். பிறகு இருந்த இடத்திலேயே வைத்தேன். துணிக்கடியில் வைத்தது துணிக்கடியில்தான் இருக்க வேண்டும்.

அதன் பக்கத்தில் என் சீட்டையும் வைத்தேன். தேதி போட்டேன். எண்ணை மாற்றச் சொன்னவர், மாற்றச் சொல்லிப் பழியைத் தம்பிமேல் போட்டவர் என்று அவருடைய முழுப் பெயரையும், அவர் தகப்பனார் பெயரையும், கடை இருந்த தெருவையும், தீர்ப்பின் தேதியையும் எழுதினேன். தம்பிக்கு எத்தனை வயதில் எங்கே இதயம் நின்றது என்று எழுதினேன். பொறு என்று அவனிடம் சொன்னது நான் என்பதையும் எழுதினேன். அங்கே பொய் எழுதக்கூடாது, விட்டு எழுதுவதும் கூடாது. அழியாத மை, அமிலமில்லாத தாள். நூலகத்தில் வேலை பார்ப்பதால் எந்தத் தாள் எத்தனை வருஷம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாள் இருநூறு வருஷம் நிற்கும். நீதிமன்றம் அவருக்குக் கொடுத்தது மூன்று வருஷம்.

துணியை இழுத்து ஒட்டினேன். மருந்துக் குடுவையையும் ரிவால்வரையும் அததன் இடத்தில் படுக்கவைத்தேன்.

டாக்டர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். “என்னம்மா, இந்த ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குதே? பசை பத்தலையா?”

வழக்கமாக இரண்டு விரல் அகலம் விடுவேன். இந்தமுறை நான்கு விரல் விட்டிருந்தேன்.

“பசையப் பத்தி எதுவும் சொல்லாதீங்க டாக்டர்” என்றேன். “அப்படியே இருக்கட்டும். பாக்குறவங்க எல்லாரும் தூக்கிப் பாக்கட்டும்.”